பொந்துக்குள் இருந்து அதிகாரம்

மலைக்காட்டில், ஒரு நெட்டை மரத்தின் பொந்தில் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கமே தனி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய், மண்ணும் எச்சமும் குழைத்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே சிறகெல்லாம் உதிர்ந்துபோகும். ஆண் பறவைதான் அந்தக் கீறல் வழியே இரை ஊட்ட வேண்டும். கடவுளே கதி என்று உட்கார வேண்டிய காலம் அது.

பொன்னலகியா சும்மா உட்காருவாள்? விடிந்ததும் கடவுளுக்கே வேலை சொல்வாள்.

"கடவுளே! காலையில அத்திப்பழம் வரணும். வெயில் ஏறுறதுக்குள்ள ஓணான் வரணும். மழை இன்னைக்கு வேண்டாம். கேட்குதா?"

அடுத்தது புருஷன் கருஞ்சிறகன். "ஏங்க! ஆத்தங்கரை மரத்துக்குப் போகாதீங்க, மேட்டு மரத்துக்குப் போங்க! வழியில யார்கூடவும் பேச்சுக் குடுக்காதீங்க!" அவனும் பாவம், "சரி, சரி" என்று பறப்பான்.

குஞ்சு பொரிந்த நாலாம் நாள் பேய்க்காற்று அடித்தது. அதற்குப் பிறகு எல்லாமே தாறுமாறு. அத்தி கேட்டால் ஆலம்பழம் வந்தது. காலையில் வரவேண்டியது மத்தியானம் வந்தது. என்ன கத்தினாலும் வெளியே பேச்சு மூச்சு இல்லை. கீறலில் ஓர் அலகு நுழையும், ஊட்டும், போய்விடும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுங்களேன்!" என்று பொன்னலகி பொரிந்து தள்ளினாள்.

பன்னிரண்டு நாள் பொறுத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. "நான் வெளியே போய் நின்னாத்தான் எல்லாம் ஒழுங்கா நடக்கும்!" என்று சுவரைக் கொத்த ஆரம்பித்தாள்.

பக்கத்துக் கிளையில் இருந்த மலையணில் பதறிப்போய் ஓடிவந்தது. "அக்கா! கொத்தாதே! கீழே மரநாய் மோப்பம் பிடிச்சுக்கிட்டுத் திரியுது!"

"உன் வேலையைப் பாருடா! என் வீட்டை எனக்குப் பார்த்துக்கத் தெரியும்!"

சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அடுத்த நொடி, அந்த ஓட்டை வழியே நகம் நீண்ட ஒரு கால் உள்ளே பாய்ந்தது!

குஞ்சு வீறிட்டது. பொன்னலகி சிறகை விரித்து அடிக்கப் பார்த்தாள். அடிக்கச் சிறகு ஏது? வெறும் முளைகள்தான் இருந்தன. குஞ்சின்மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டாள். "கடவுளே!" என்று மட்டும் அலறினாள். வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை.

வெளியே தடதடவென்று இறக்கைச் சத்தம். கொத்தும் குத்தும் விழுந்தன. மரநாய் வலி தாங்காமல் காலை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவியது.

பொன்னலகி ஓட்டை வழியே எட்டிப் பார்த்தாள். மூன்று இருவாச்சிகள் நின்றிருந்தன. மூன்றும் அவள் முன்பின் பார்க்காத முகங்கள்!

"நீங்க யாரு? என் வீட்டுக்காரர் எங்கே?"

மலையணில் தலையைக் குனிந்துகொண்டது. "அக்கா... பேய்க்காத்துல இறக்கை ஒடிஞ்சு, மூங்கில் புதருக்குள்ள கிடக்காரு. பன்னிரண்டு நாளாச்சு. நீ இடிஞ்சுபோயிடுவேன்னு நான்தான் இவங்களை வாயைத் திறக்க வேண்டாம்னு சொன்னேன்."

பொன்னலகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ... இத்தனை நாளா என் குஞ்சுக்கு ஊட்டினது?"

"நாங்கதான் தாயி" என்றது மூவரில் மூத்தது. "பழம் தேடிப் போற வழியில குஞ்சு கத்துற சத்தம் கேட்டுச்சு. மனசு கேட்கலை. அவருக்கும் நாங்கதான் இரை கொண்டு போறோம்."

"யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லலையே!"

பன்னிரண்டு நாளாக அவள் அதட்டிய ஆள் அங்கே இல்லவே இல்லை! ஆனாலும் குஞ்சின் வயிறு ஒரு நாளும் காயவில்லை.

"நான் அவரைப் பார்க்கணும்! இப்பவே பார்க்கணும்!" என்று கதறினாள்.

"எப்படித் தாயி போவே? சுவரைப் பூசு. மரநாய் இன்னும் போகலை."

பொன்னலகி குஞ்சைப் பார்த்தாள். வெளியே மூங்கில் புதர் இருந்த திசையையும் பார்த்தாள். உதிர்ந்த மண்ணையும் எச்சத்தையும் குழைத்து ஓட்டையை அடைத்தாள். பொந்து மறுபடி இருட்டானது.

"கடவுளே! முதல்ல நீ என்ன பண்ணணும்னா..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தாள். நாக்கு அப்படியே நின்றது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலை சாமி. அவரும் உன் பிள்ளை, இதுவும் உன் பிள்ளை, நானும் உன் பிள்ளை. நீயே பார்த்துக்கோ."

நாம் ஆட்டிவைத்தால்தான் எல்லாம் நடக்கும் என்று மல்லுக்கட்டாமல், நாம் கேளாமலே நமக்கு ஊட்டுகிற கடவுளின் அன்பிடம் நம்மை ஒப்படைத்துவிடுவதே நமக்குக் காவல்.