பெரிய கோயிலின் நிழலை அளந்த ஸ்தபதி

“என் கணக்குல தப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

வந்ததும் வராததுமாக அய்யாக்கண்ணு ஸ்தபதி கேட்டது இதைத்தான். அவர் கட்டிய மண்டபம் இடிந்து விழுந்ததில் மருமகன் போய்விட்டான். மகள் அபயாம்பாள் அப்பன் முகத்தில் விழிப்பதில்லை. அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் அவள் வாசலில் போய் நிற்கலாம் என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். பாவம், சோறு இறங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

வேதநாயகி அம்மாளுக்கு அவர் மகள் வயதுதான். தஞ்சைப் பெரிய கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து, தேடி வருகிறவர்களுக்குக் கட்டடக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்.

“இந்த விமானத்தோட உயரத்தை நிழலை வச்சு அளங்க, ஸ்தபதியாரே.”

“இதுக்குத்தான் நிழலே விழாதே!”

“யார் சொன்னது?”

“ஊரே சொல்லுதே.”

அம்மாள் கையை நீட்டினார். தரையில் கருகருவென்று நிழல் கிடந்தது.

ஸ்தபதி ஒரு கோலை நட்டார். கோலின் நிழல் கோலளவுக்குச் சமமாகிற வரை காத்திருந்தார். அந்த நேரத்தில் விமானத்தின் நிழலும் அதன் உயரத்துக்குச் சமமாகத்தானே இருக்கவேண்டும்? சுவர் ஓரத்திலிருந்து நிழலின் நுனி வரை கயிறு பிடித்தார்.

“குறையுதேம்மா! இதோட உயரம் எனக்கு மனப்பாடம். நல்லாவே குறையுது.”

“திரும்ப அளங்க.”

அளந்தார். அதே குறைதான். வெயிலில் தலை கிறுகிறுத்தது. எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

“மீதி நிழல் எங்கே போய்த் தொலைஞ்சுது?”

“உச்சி நடுவுலதானே இருக்கு? நடுவுலேர்ந்து சுவர் வரைக்கும் உங்க கயிறு போகலையே. மீதி கட்டடத்துக்குள்ளேயே கிடக்கு. வெளியே நின்னு அளந்தா எப்படிக் கிடைக்கும்?”

ஸ்தபதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கட்டடத்தோட அளவை ஒரு எண்ணால வகுத்தா வர்ற மீதி சுபமா இருக்கணும், இல்லேன்னா குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்க தொழில்ல ஒரு சாஸ்திரம். அந்த மண்டபத்துத் தூணுக்குச் சரியா வரலை. வரட்டும்னு எல்லாத் தூணையும் செதுக்கி மெலிசாக்கினேன். ‘வேண்டாம் மாமா, தாங்காது’ன்னு மருமகன் தலைபாடா அடிச்சுக்கிட்டான். நான் கேக்கலை. யாருகிட்டயும் இதைச் சொல்லவும் இல்லைம்மா.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்றார் அம்மாள். “பொண்ணு வீடு எந்தத் தெரு?”