செங்கோட்டுவேலு வாங்கிய கடன்

நாமக்கல்லில் ஜைத்தூன் என்று ஒரு வக்கீலம்மா. கடன் சட்டத்தில் கரை கண்டவர். அவரைக் கேட்காமல் அந்த ஊர் பைனான்ஸ்காரர்கள் ஒரு நோட்டீஸ்கூட அனுப்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டயர்க் கடையின் மாடியில் அவர்களுக்கு வகுப்பு எடுப்பார். வருகிறவர்கள் லாரிக்குக் கடன் கொடுக்கும் முதலாளிகள். பெரும்பாலோர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்கள்.

முதலில் எழுந்து நிற்பவர் செங்கோட்டுவேலு. ஐம்பத்தெட்டு வயது. மூன்று கைபேசி வைத்திருந்தார். ஒன்றில் வட்டி விகிதம், ஒன்றில் பங்குச் சந்தை, இன்னொன்றில் சட்டத் திருத்தம். அவர் குளிக்கும்போது மனைவி தெய்வானை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் நிற்பாள்.

"ஏனுங்க, ரெப்போ வட்டி அப்படியேதான் இருக்குதாமா" என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் அவர் சோப்பை எடுப்பார்.

அமெரிக்காவில் வட்டி குறையும் போலிருக்கிறது என்று ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னால் போதும். செங்கோட்டுவேலு தன் அலுவலக வாசலில் இருக்கும் வட்டிப் பலகையை மாற்றி எழுதச் சொல்வார். பெயின்டர் ஏணியைத் திரும்ப எடுத்துப் போவதையே விட்டுவிட்டார்.

புதிய விதி, சர்க்குலர் எதுவானாலும் அவருக்கு நாளோடும் எண்ணோடும் தெரியும். வகுப்பில் எல்லாரும் அவரை சர்க்குலர் அண்ணன் என்பார்கள். அது கேலி என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அப்படிப்பட்டவர் மேல் ஒரு புகார் வந்தது.

புகார் கொடுத்தவள் பெருமாயி. சொந்தமாக ஒரு வேன் வைத்து முட்டை ஏற்றுகிறவள். வேனுக்குக் கடன் கொடுத்தது செங்கோட்டுவேலு. விடியும் முன்னே கூப்பிட்டு ஏசுகிறார்கள், அபராதத்துக்கு மேல் வட்டி போடுகிறார்கள், எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே எனக்குத் தெரியாது என்று உரிமம் கொடுக்கும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள். பதில் சரியாக இல்லையென்றால் உரிமத்துக்கே ஆபத்து.

செங்கோட்டுவேலு வக்கீல் வீட்டுக்கு ஓடினார். ஜைத்தூன் வேகவைத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"எந்த விதியை விட்டுட்டேன்னு தெரியலீங்க வக்கீலம்மா. எனக்குத் தெரியாம புதுசா ஏதோ வந்திருக்குது."

ஜைத்தூன் புகாரைப் படித்தார்.

"புதுசு எதுவும் இல்லீங்ணா. மூணும் பழசு. போன வகுப்புல நீங்கதான் எந்திரிச்சுச் சொன்னீங்க."

"ஆமாங்க. தேதியோட சொன்னேன்."

"தேதியோடதான் சொன்னீங்க."



"அப்புறம் எப்படீங்க மாட்டினேன்?"

ஜைத்தூன் இன்னொரு கடலையை உரித்தார்.

"சந்தை நிக்க மாட்டேங்குது. சட்டம் நிக்க மாட்டேங்குது. நானும் பொழுதன்னைக்கும் பின்னாலயே ஓடறேன். நீங்க போனைக்கூட டிராயருக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்க. ஆனா எந்த மாத்தமும் உங்களைத் தாண்டிப் போறதில்லை. அந்த வித்தையை மட்டும் சொல்லிக் குடுங்க."

"அண்ணா, நீங்க எப்பவாச்சும் கடன் வாங்கியிருக்கீங்களா?"

செங்கோட்டுவேலுவுக்கு முகம் கறுத்தது. "எங்க வம்சத்துலயே கிடையாதுங்க."

"வாங்குங்க."

"யாரு, நானா?"

"ஆத்தூர்ல ஒரு பைனான்ஸ் இருக்குது. அங்க உங்களை யாருக்கும் தெரியாது. பழைய லோடு ஆட்டோ ஒண்ணுக்குக் கடன் கேளுங்க. தோப்பு வெச்சிருக்கேன்னு சொல்லுங்க, அது பொய்யில்லையே. சட்டம் பேசக் கூடாது. முதல் தவணையைப் பத்து நாள் தள்ளிக் கட்டுங்க."

"புகாருக்கு என்ன பதில் சொல்றதுங்க?"

"அவகாசம் நான் வாங்கறேன்" என்று ஜைத்தூன் அடுத்த கடலையை எடுத்தார்.

குருவே சொன்ன பிறகு மறுக்க முடியுமா? மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆத்தூருக்குப் போனார்.

அந்த அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் உட்கார எதுவும் இல்லை. செங்கோட்டுவேலு நின்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

இளைஞன் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஐயா, உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்லீங்க."

"கம்மியா இருக்குதா தம்பி?"

"கம்மியா இருந்தாக்கூடப் பரவால்லீங்க. ஒண்ணுமே இல்லை. இத்தனை வயசுக்கு ஒரு கடன்கூட யாரும் உங்களை நம்பிக் குடுக்கலியா?"

ஸ்கோர் சரியில்லை என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். கடன் வாங்காதவனுக்கு ஸ்கோர் ஏது என்று சொல்ல வாயெடுத்தார். குருவின் கட்டளை நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

"ஜாமீன் இருந்தாப் பார்க்கலாம். கூட யாரு, உங்க சம்சாரமா? அவங்களே போடட்டும்."

ஒரு கட்டுத் தாள் வந்தது. எல்லாம் ஆங்கிலம். நடுவில் சில இடங்கள் காலியாக இருந்தன. பென்சிலால் சுழித்திருந்த இடத்திலெல்லாம் செங்கோட்டுவேலு கையெழுத்துப் போட்டு மனைவியிடம் நகர்த்தினார்.

தெய்வானை பேனாவை வாங்கவில்லை. "இதுல என்னங்க எழுதியிருக்குது?"

"தெரியலை. போடு."

"உங்களுக்கே தெரியலையா?"

"பின்னாடி ஆளுக நிக்கறாங்க பாரு. போடு தெய்வானை."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டாள். கலியாணமான நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததில்லை.

பணம் வந்தது. கேட்டதைவிடக் குறைவாக வந்தது. ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு, "அது பிராசஸிங் பீஸ்ல போயிருக்குங்க" என்று இளைஞன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். செங்கோட்டுவேலு லோடு ஆட்டோவை வாங்கித் தோப்பில் தேங்காய் ஏற்ற விட்டார். ஜைத்தூன் சொன்னபடி முதல் தவணையைக் கட்டாமல் இருந்தார். பணம் வங்கியில் தூங்குகிறது, இவர் தூங்கவில்லை. கோழி கூவும் முன்னே ஆத்தூர் கூவியது. அவர் எடுக்காவிட்டால் தெய்வானைக்கு வந்தது. "உங்க வீட்டுக்காரரு ஒளிஞ்சுக்கிட்டாரா?" என்று ஒரு பெண் குரல் கேட்டதாக அவள் சாம்பார் ஊற்றும்போது சொன்னாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பில்லை. அவர் அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அந்த வாரத்தில்தான் பைனான்ஸ்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. வசூல் சம்பந்தமான விதிகளைப் பற்றிப் பேச சர்க்குலர் அண்ணனைத்தான் அழைத்திருந்தார்கள். மண்டபம் நிறைந்த கூட்டம். அவர் கைபேசியில் இருந்த சுற்றறிக்கையை மைக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தார்.

"கடன்தாரரை மரியாதைக் குறைவாகப் பேசக் கூடாது. எந்த வகையிலும்..."

அப்போது ஆத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. பதறிப்போய்த் துண்டிக்கப் பார்த்தவர், விரல் வழுக்கி எடுத்துவிட்டார். எடுத்தது போதாதென்று ஸ்பீக்கரும் விழுந்துவிட்டது.

"யோவ் பெரியவரே" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஆட்டோ வாங்கத் தெரியுது, கட்டத் தெரியலியா? சோறுதான் திங்கறியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பின் வரிசையில் யாரோ பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னது மேடை வரைக்கும் வந்தது.

"செங்கோட்டண்ணன் கம்பெனி அவ்வளவுதானா?"

மறுநாள் காலையில் அவருடைய கம்பெனியில் பங்கு போட்டிருந்த இரண்டு பேர், சும்மா அந்த வழியாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். காபி குடித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது, பங்கைத் திருப்பி எடுப்பதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். சந்தை எப்படிச் சரியும் என்று மூன்று கைபேசியில் படித்துக்கொண்டிருந்தவருக்கு அது ஒரு காபி நேரத்தில் விளங்கியது.

நேரே ஜைத்தூன் வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அநியாயமுங்க வக்கீலம்மா. கேக்க நாதியில்லையா? விடியறதுக்கு முன்னால போன் பண்றானுக. இதுக்கு ஒரு சட்டம் வேண்டாமா?"

"இருக்குதுங்ணா."

"மரியாதை இல்லாமப் பேசறானுக."

"அதுக்கும் இருக்குது."

"எதுல கையெழுத்து வாங்கறானுக, எதுக்கு எவ்வளவு பிடிக்கறானுகன்னு நமக்குப் புரியற பாஷையில ஒரு தாள் குடுத்தா என்னங்க கேடு?"

"இருக்குது."

"பத்து நாள் அபராதத்தை அசலோட சேத்து அதுக்கும் வட்டி போடப் போறானாம். அடுக்குமா?"

"அடுக்காதுன்னு சட்டத்துலயே சொல்லியாச்சுங்ணா."

"எனக்குத் தெரியாதுங்களா? அத்தனையும் நான் தலைகீழாச் சொல்லுவேன். அத்தனையும்..."

செங்கோட்டுவேலு நிறுத்திவிட்டார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஜைத்தூன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் பாதி குடித்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஒரு மணி நேரம் நிக்க வெச்சானுங்க. உக்காருங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. அதுக்கு?"

"நாற்காலிக்கு இன்னும் சட்டம் வரலீங்ணா."

"வருமுங்களா?"

"உங்களாட்டம் இன்னும் கொஞ்சம் பேருக்குக் கால் வலிச்சா வரும்."

அவர் மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். அலுவலகத்துக்குப் போனபோது வசூல் பார்க்கும் மயில்சாமி போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஏம்மா, ஓட்டத் தெரியுது, கட்டத் தெரியலியா?" என்றான் அவன். ஆத்தூர்க்காரன் சொன்ன அதே வார்த்தை. இந்த வார்த்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை. செங்கோட்டுவேலு அவன் கையிலிருந்து போனை வாங்கிக் கீழே வைத்தார். அப்போது கவுன்டருக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை ஒரு டெம்போவில் நாற்காலிகள் வந்து இறங்கின. பெயின்டரைக் கூப்பிட்டு ஏணியை எடுத்துப் போகச் சொன்னார். பெயின்டர் கண்கலங்கி, என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார்.

பிறகு பெருமாயியைத் தேடிக் கோழிப்பண்ணைக்குப் போனார். அபராதத்துக்கு மேல் போட்ட வட்டியைத் திருப்பிக் கொடுத்தார். கடன் விவரத்தைத் தமிழில் எழுதி வரிவரியாகப் படித்துக் காட்டினார். அவள் முட்டை அட்டையை இறக்கி வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, கம்பெனியை மூடறீங்களா?"

"இல்லம்மா."

"ஒடம்புக்கு ஏதாச்சுமா? டாக்டரு ஏதாச்சும் சொன்னாரா?"

"நல்லாத்தான் இருக்கேன். அந்தப் புகாரு..."

"அது கிடக்கட்டுங்க. ரெண்டு மாசம் பார்ப்போம். நீங்க இப்படியே இருந்தாத் திருப்பி எடுத்துக்கறேன்."

சொன்ன மாதிரியே அவள் இரண்டு மாதம் பார்த்தாள். பிறகுதான் புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பங்குதாரர்கள் இருவரும் மறுபடி காபி குடிக்க வந்தார்கள். இந்த முறை மழையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

செங்கோட்டுவேலு ஒரு தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து எடுத்துக்கொண்டு குருவைப் பார்க்கப் போனார். ஒரே ஒரு கைபேசிதான் சட்டைப்பையில் இருந்தது. வணங்கித் தட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. அந்த ஆத்தூர்க் கடனை மட்டும் நாளைக்கு மொத்தமா அடைச்சுத் தலை முழுகிடலாம்னு இருக்கேன்."

"ம்."

"ஆனா ஒண்ணுங்க. நான் அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லவே இல்லை. இனிமே வரப்போற மாத்தத்தையெல்லாம் எப்படித் தெரிஞ்சுக்கறது? அந்த வித்தை என்னங்க?"

ஜைத்தூன் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"ஆத்தூர்ல இன்னும் எத்தனை தவணை பாக்கி?"

"இருபது இருக்குமுங்க."

"மாசாமாசம் நீங்களே அங்க போய்க் கட்டுங்க. அது முடியற வரைக்கும் நீங்க வகுப்புக்கு வர வேண்டாமுங்ணா."