வலையில் விழுந்த கேள்வி

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், மரங்கொத்தி ஒன்று 'தினக்காடு' என்ற செய்தித்தாளை நடத்தி வந்தது. தேக்கிலையில் அலகால் கொத்திக் கொத்திச் செய்தி எழுதும். எழுதியதை ஒருநாளும் மாற்றாது. அதில் அதற்கு அவ்வளவு பெருமை!

கோடையில் புல் கருகியது. மான்கள் செய்தியைப் படிக்காமலே இலையைத் தின்றுவிட்டுப் போயின.

"இப்படியே போனால் இதழை மூட வேண்டியதுதான்" என்று மரங்கொத்தி வருந்தியது.

அதே மரத்தில் குடியிருந்த சிலந்தி, "எல்லார் இருப்பிடத்துக்கும் நான் நூல் கட்டுகிறேன், ஐயா. நீங்கள் இங்கே தட்டினால் அங்கே கேட்கும்" என்றது. சொன்னபடியே கட்டியும் முடித்தது.

மரங்கொத்தி நூலில் தட்டியது: "ஆமைக்குளத்தில் நீர் நிறைய இருக்கிறது!"

அது போன வாரத்து இலையில் இருந்த செய்தி. அதையே எடுத்துத் தட்டிவிட்டது. சோம்பல்தான், வேறென்ன?

சற்று நேரத்தில் ஒரு நூல் ஆடியது.

"யாரோ இழுக்கிறார்கள், ஐயா."

"ஈ விழுந்திருக்கும். போய்ச் சாப்பிடு."

"ஈ விழுந்தால் நூல் படபடக்கும். இது நிதானமாக ஆடுகிறது. யாரோ பேசுகிறார்கள்."

மரங்கொத்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதன் மூக்கோ நீளம்! "சொல்வது என் வேலை, கேட்பது அவர்கள் வேலை. அந்த நூலை அறுத்துவிடு!"

சிலந்தி அறுக்கவில்லை. நூலில் கால் வைத்துக் கேட்டது. "பேசுவது குளத்து ஆமை, ஐயா. குளம் வற்றி மூன்று நாளாகிறதாம். உங்களை நம்பி யாராவது வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறது."

மரங்கொத்தி கீழே பார்த்தது. மான் கூட்டம் தள்ளாடும் குட்டிகளோடு குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குட்டிகளுக்குத் திரும்பி வரத் தெம்பிருக்காது.

மரங்கொத்தி எல்லா நூல்களிலும் அவசரமாகத் தட்டியது: "நான் சொன்னது தவறு! மான்கள் அதை நம்பிக் குளத்துக்குப் போகின்றன. உங்கள் பக்கம் நீர் இருக்கிறதா?"

பிறகு, முதல்முறையாக, நூலில் காதை வைத்துக் காத்திருந்தது.

கீரியிடமிருந்து பதில் வந்தது: "என் வளைக்குப் பக்கத்துப் பாறை இடுக்கில் ஊற்று இருக்கிறது. மான்கள் இந்த வழியாகத்தான் வர வேண்டும். நானே நிறுத்திக் கூட்டிப் போகிறேன்."

அன்று குட்டிகள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தன.

மறுநாள் தேக்கிலையின் முதல் வரி இது: "நேற்றைய செய்தி தவறு. திருத்தியது ஆமை. ஊற்றைக் காட்டியது கீரி."

மான்கள் அந்த இலையைக் கடைசி எழுத்துவரை படித்தன. பிறகுதான் தின்றன.

நீதி: ஊர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் இதழையே ஊர் படிக்கும்.