‘திடீரென்று’ அடிக்கப்பட்ட வாக்குமூலம்

"தப்பு என் மேல இல்ல, சாமி. ஆனாலும் தூக்கம் வர மாட்டேங்குது" என்றார் சபாபதி.

சபாபதி திருச்சியில் டவுன் பஸ் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தாறு. சாமிக்கு முப்பது தாண்டியிருந்தால் அதிகம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் இருக்கும் சாமியார். விபூதி கேட்டால் கொடுப்பார். அறிவுரை கேட்டால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்.

மூன்று நாளைக்கு முன் சபாபதியின் பஸ் ஒரு பெண்ணை இடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பழையபடி நடப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை.

சபாபதி ஒரு தாளைச் சாமியின் முன்னால் வைத்தார்.

"போலீஸ் ஸ்டேஷன்ல கொடுக்கணும். ஆசீர்வாதம் பண்ணிக் கொடுங்க."

"வாசிங்க."

"நான் மிதமான வேகத்தில் பேருந்தை ஓட்டி வந்தபோது, ஒரு பெண் திடீரென்று குறுக்கே வந்து விழுந்துவிட்டார்."

இந்த வரி ஊரில் எல்லா டிரைவருக்கும் மனப்பாடம். எழுதிக் கொடுத்தால் தப்பு விழுந்தவர் தலையில் போய்ச் சேரும்.

சாமி பேனா கேட்டார். வாங்கி, ‘திடீரென்று’ என்பதை அடித்தார்.

"ஏன் சாமி?"

"அந்தம்மா வானத்துல இருந்தா குதிச்சாங்க?"

"இல்ல. ரோட்டோரமா நின்னுக்கிட்டு இருந்தாங்க."

"எப்பப் பார்த்தீங்க?"

"பெட்டிக்கடைகிட்ட வர்றப்பவே பார்த்துட்டேன். தூரத்துலயே."

சாமி ‘குறுக்கே’ என்பதையும் அடித்தார்.

சபாபதிக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு வரத்தான் செய்யும்.

"குறுக்கதான் சாமி வந்தாங்க!"

"ரோட்டை வேற எப்படித் தாண்டுறது?"

சாமியின் பேனா அடுத்த சொல்லுக்குப் போனது.

"வெள்ளைக்கோடு போட்ட இடமா?"

"கோடெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு."

"கோடு இருந்த இடமா?"

"ஆமா." குரல் இறங்கிவிட்டது.

‘வந்து விழுந்துவிட்டார்’ என்பதையும் அடித்துவிட்டு, சாமி தாளை நீட்டினார்.

"இப்ப வாசிங்க."

"நான் மிதமான வேகத்தில் பேருந்தை ஓட்டி வந்தபோது, ஒரு பெண்..." சபாபதி நிறுத்தினார். மேலே எதுவும் இல்லை.

"ம். ஒரு பெண்?"

சபாபதி தாளை மடியில் வைத்தார்.

"கையக் காட்டினாங்க, சாமி. பாதி ரோடு தாண்டிட்டாங்க. என்னப் பார்த்து, நிறுத்துங்கன்னு கையக் காட்டினாங்க."

"பிரேக் போட்டீங்களா?"

"ஹாரன் அடிச்சேன்."

சாமி பேனாவை அவர் பக்கம் நீட்டினார்.

"ஒதுங்கிடுவாங்கன்னு நினைச்சேன். எல்லாரும் ஒதுங்கிடுவாங்க சாமி. இத்தனை வருஷமா ஒதுங்கிக்கிட்டுதான் இருந்தாங்க."

சபாபதி அழுதார். சாமி அவரைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

"இதை எழுதிக் கொடுத்தா என் லைசென்ஸ் போயிடும்."

"போகும்."

சபாபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். எழுதுவதற்கு முன், ‘மிதமான’ என்பதை அவரே அடித்தார்.