செயலாளருக்குச் சர்க்கரை

ஓட்டப்பந்தய மைதானத்தில் மண்பானை வைத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது மாடத்தியின் வேலை. விளையாட்டுச் சங்கச் செயலாளர் தணிகாசலம் ஒருநாள் வண்டி நிறைய நீலநிறப் பானம் அடைத்த பாட்டில்களோடு வந்து இறங்கினார்.

"இனிமே தண்ணி கிடையாது. ஓடுற பிள்ளைகளுக்கு இதுதான் சத்து."

"தினமும் இனிப்பைக் குடிச்சா பல்லு சொத்தையாயிரும் அய்யா. பச்சத் தண்ணி போதும்."

"பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவ எனக்குச் சொல்லித் தாறியா? இது கெடுதல்னு எல்லார் முன்னாலயும் இப்பவே நிரூபி. இல்லேன்னா பானையைத் தூக்கிட்டு நடையைக் கட்டு."

மாடத்தி ஒரு பாட்டிலைத் திறந்து பணிவாக நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீக. முதல்ல அய்யா குடிங்க."

செயலாளர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். "ஐயையோ, எனக்குச் சர்க்கரை!"

"அப்போ இதுக்குள்ள இருக்கிறது சத்தா, சர்க்கரையா அய்யா?"

மைதானமே சிரித்தது. பயிற்சியாளர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் காலையில் பானையைக் காணோம். அது செயலாளர் அறையில், அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியே வெயிலில், ஓடி முடித்த பிள்ளைகள் நீல நாக்கோடு அடுத்த பாட்டிலுக்கு வரிசையில் நின்றார்கள்.