பச்சை மீன் விருந்து

போர்னியோ பக்கத்துத் தீவு ஒன்றில் முதன்முதலாக எண்ணெய்க் கிணறு தோண்டிய காலம். கம்பெனி துரை ஓர் உத்தரவு போட்டார்: "கிணற்றில் வாயு கசிகிறது. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது."

அவர் பங்களாவில் மட்டும் அடுப்பு எரிந்தது.

காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குக் கஞ்சி வைத்த மூக்காயியின் அடுப்பைக் கங்காணி எட்டி உதைத்து உடைத்தான். சனங்கள் ஊறிய அரிசியை மென்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். பங்களாச் சமையற்காரி சடச்சிக்கு வயிறு பற்றி எரிந்தது.

பினாங்கிலிருந்து, தமிழ் தெரிந்த பெரிய துரை விருந்துக்கு வந்தார். சடச்சி மேசையில் கொண்டுவந்து வைத்தது ஊறிய அரிசியும் பச்சை மீனும்.

"என்னடி இது?" என்று கத்தினார் துரை.

"அடுப்பு மூட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க தொரை?"

"அது லயத்துக்கு!"

"கிணறு உங்க கொல்லையில இருக்கு. லயம் ஓடைக்கு அந்தாண்ட இருக்கு. இங்க வராத வாயு அங்க மட்டும் எப்படிங்க போவும்?"

பெரிய துரை சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கிணறு கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாயிலிருந்த சுருட்டை அவசரமாக மேசைமேலிருந்த தண்ணீர்க் குவளையில் அமுக்கினார்.

"இந்த வீட்டில்தான் நெருப்பே கூடாது. சமையல் இனி லயத்தில் நடக்கட்டும்" என்றார்.

மறுநாளே லயத்தில் புகை எழுந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகே சடச்சி துரையின் தூக்குச்சட்டியைக் கையில் எடுப்பாள்.

"ஆறிப்போச்சே!" என்று துரை முனகுவார்.

"ஓடை தாண்டி வரணும்ல தொரை" என்பாள் சடச்சி.