நின்ற வண்டி

"ஓடினவனுக்கு ஒண்ணுமில்லை, நின்னவனுக்கு ஃபைன். இது என்ன நியாயம்மா?"

கேட்டுக்கொண்டேதான் குழந்தைவேலு உள்ளே வந்தார். ஒரு செருப்பு வாசலில் கிடந்தது, இன்னொன்று மாடிப்படியிலேயே உருண்டு போயிருந்தது.

தவமணி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

சைக்கிள் கடைக்கு மேலே சின்ன அறை அது. வாரத்தில் ஒருநாள் சிலர் வந்து அவர் முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவருக்கு வயது நாற்பதுதான். குழந்தைவேலுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணா என்பார். அதில் இரண்டு பேருக்குமே கூச்சம் இருந்ததில்லை.

அம்மாளின் தாயார் ஆடி மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அன்றைக்குத்தான் அறையைத் திறந்திருந்தார். துக்கம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் குழந்தைவேலு வீட்டிலிருந்து கிளம்பினார். வழியில் கோபம் முந்திக்கொண்டது.

"உக்காருங்கண்ணா. யாரு ஓடினாங்க, யாரு நின்னாங்க?"

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு சாயங்காலம்ங்க. ஆஸ்பத்திரி முக்கு. சிக்னல்ல சிவப்பு விழுந்துருச்சு. எனக்கு முன்னாடி மூணு வண்டி நிக்காமப் போச்சு. மூணும் நம்மூரு நம்பர். நானும் பின்னாடியே போனேன். போலீஸ்காரர் நடுவுல வந்து கை காட்டினாரு. அவனுங்க வளைச்சுக்கிட்டுப் போயிட்டானுங்க. நான் நின்னேன். எனக்குச் சலான்!"

"கோட்டைத் தாண்டி நின்னீங்களா?"

"அது வேற விஷயம்ங்க."

"சரி."

"என் வண்டியோட நாக்பூர் நம்பரைப் பார்த்துத்தான் பிடிச்சாரு. அதுவும் இந்தியில கேக்கறாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தேன்னு. என்னைப் போயிங்க! அந்த முக்குல இருக்கற பள்ளிக்கூடத்துலதான் நான் அ, ஆ படிச்சேன்."

குழந்தைவேலு அந்த ஊர்க்காரர்தான். வேலைக்காக வடக்கே போய், தலை நரைத்துத் திரும்பியவர். மீதிக் காலத்தைச் சொந்த ஊரில் கழிக்கலாம் என்று ஆசை ஆசையாக வந்த மனிதரைச் சொந்த ஊரே யார் நீ என்று கேட்டுவிட்டது. பாவம், அவருக்கு அதுதான் வலித்தது.

"நம்பரை மாத்தலையா?"

"எழுதிக் கொடுத்திருக்கேன். அங்கிருந்து சான்றிதழ் வரணுமாம். அதுவரைக்கும் ஆகட்டும்னு பின்கண்ணாடியில 'முருகன் துணை'ன்னு தமிழ்ல பெரிசா ஒட்டிட்டேன்."

"முருகனையே ஜாமீனுக்குக் கூப்பிட்டுட்டீங்க."

அம்மாள் சிரித்தார். குழந்தைவேலு சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை கோர்ட்டுங்க. வெளி மாநில வண்டின்னு வேணும்னே பிடிச்சாருன்னு அந்தப் போலீஸ்காரர் மேலயும் எழுதிக் கொடுக்கப் போறேன். அவரு வேலைக்கே உலை வெச்சிரலாம்னு வக்கீல் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நிம்மதியாப் போவேன்."

அம்மாள் சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்து ஊன்றி எழுந்தார். சின்ன வயதில் வந்த போலியோவில் அவருக்கு ஒரு கால் சூம்பிப் போயிருந்தது.

"வாங்க. ஆஸ்பத்திரி முக்கு வரைக்கும் போயிட்டு வரலாம்."

"வண்டியை எடுக்கட்டுங்களா?"

"வேண்டாம். நடந்து."

முக்கு பக்கத்தில்தான். சாலைக்கு இந்தப் பக்கம் கடைவீதி, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி.

"அந்தப் பக்கம் போகணும்ங்கண்ணா."

"சிவப்பு விழட்டும்."

விழுந்தது. பஸ் போனது. பஸ்ஸுக்குப் பின்னால் மினி லாரி போனது. ஸ்கூட்டர் ஒன்று குடும்பத்தோடு போனது. குழந்தைவேலு தைரியமாக ஒரு காலை எடுத்து வைத்தார். ஆட்டோக்காரர் அடித்த ஹாரனில் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பச்சை வந்துவிட்டது.

அடுத்த சிவப்பிலும் அதே கதை. கட்டையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்துச் சிலர் கொஞ்சம் விலகி ஓட்டினார்கள். அவர்கள் கருணை அவ்வளவுதான்.

"என்னம்மா இது, ஒருத்தன்கூட நிக்க மாட்டேங்கறான்!"

"ம்."

எதிரே நிழலில் நின்றிருந்த போலீஸ்காரர் இவர்களைப் பார்த்துவிட்டார். குழந்தைவேலுவுக்குச் சலான் போட்ட அதே ஆள். விசிலை ஊதிக்கொண்டு நடுச்சாலைக்கு வந்து கையை நீட்டினார்.

முதல் கார் அவரை வளைத்துக்கொண்டு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது கார் கோட்டைத் தாண்டி வந்து, கையைப் பார்த்ததும் கிறீச்சென்று நின்றது. அது நின்றதால் பின்னால் வந்த அத்தனையும் நின்றன.

"நடங்கண்ணா."

நடந்தார்கள். அம்மாளின் கட்டை அவசரமில்லாமல் தார் ரோட்டில் ஊன்றி ஊன்றி வந்தது. பாதி வழியில் குழந்தைவேலு அந்தக் காரின் நம்பரைப் பார்த்தார்.

ஆந்திரா வண்டி.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து திரும்பினார். போலீஸ்காரர் சலான் மெஷினோடு ஆந்திராக்காரரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"அவரு எல்லாருக்கும்தான் கை காட்டினாரு" என்றார் குழந்தைவேலு மெதுவாக.

"ஆமா."

"நின்னது இந்த ஆந்திராக்காரர் ஒருத்தர்தான்."



குழந்தைவேலு விடுவிடுவென்று அந்தக் காருக்குப் போனார். ஜன்னலில் குனிந்து, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

சலானை எதிர்பார்த்து முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்த மனிதர் விழித்தார்.

"எந்துக்கு சார்?"

குழந்தைவேலு தாங்கள் கடந்து வந்த சாலையைக் காட்டினார். அம்மாளைக் காட்டினார். அந்த மனிதரின் முகம் இளகியது. கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பி வந்தபோது குழந்தைவேலுவிடம் கோபம் எதுவும் மிச்சமில்லை.

"திங்கக்கிழமை நான் என்னம்மா சொல்லட்டும்?"

"கோட்டைத் தாண்டினீங்களா?"

"தாண்டினேன்."

இந்தத் தடவை அது வேறு விஷயமாக இல்லை.

"கை காட்டினதும் நின்னீங்களா?"

"நின்னேன்."

"ரெண்டையும் சொல்லுங்க."

"போலீஸ்காரர் மேல எழுதறதை விட்டுர்றேன்ங்க."

அம்மாள் தலையசைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரர் கடை போட்டிருந்தார். அந்த நிழலில் இரண்டு பேரும் நின்றார்கள். ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததும்தான் குழந்தைவேலுவுக்கு உறைத்தது.

"மன்னிச்சிருங்கம்மா. வந்ததும் விசாரிச்சிருக்கணும். உங்க தாயாரு கடைசியில ஏதாச்சும் பேசினாங்களா?"

"பேசினாங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்கு சாயங்காலம்."

குழந்தைவேலு நிமிர்ந்தார்.

"உடனே வாங்கன்னு நர்ஸ் போன் பண்ணுச்சு. நான் கடைவீதிப் பக்கம் நின்னுக்கிட்டே இருந்தேன். பண்டிகைக் கூட்டம், ஒருத்தரும் வழி விடலை. அப்புறம் ஒரு வண்டி நின்னுச்சு. நாக்பூர் நம்பர்."

குழந்தைவேலு திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

"நீங்க எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போலீஸ்காரரோட சண்டை போட்டுட்டிருந்தீங்க. நன்றி சொல்ல நேரமில்லீங்கண்ணா. உள்ள போயிட்டேன்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எங்கம்மா முழிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. சாப்பிட்டியான்னு கேட்டாங்க."